டெக்சஸ் கனிம உரிமை: வக்கீல் வாங்குபவராக மாறும் வழியும் அடிமாட்டு விலைப் பிரச்சினையும்

#1 மதுரை_எல்எல்பி

வணக்கம். இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு இங்கே டெக்சஸில் எல்.எல்.எம். சேர்பவர்களுக்கு ஆயில் அண்ட் கேஸ் பக்கம் என்ன வழி இருக்கிறது? டைட்டில் (யாருக்கு எந்த உரிமை என்ற பத்திரத் தொடர்) பார்க்கும் வேலையில் தொடங்கி, பிறகு சொந்தமாகக் கனிம உரிமை வாங்கும் தொழிலுக்குப் போகிறவர்கள் உண்டு என்று கேள்வி. அந்தத் தொழிலுக்குப் பேர் கெட்டிருப்பதும் தெரிகிறது. வயதானவர்களுக்குக் கடிதத்தோடு பத்திரத்தையும் அனுப்பி, விவரம் தெரியாதவர்களிடம் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குகிறார்கள் என்கிறார்கள். நியாயமாக வாங்கியும் பிழைக்க முடியுமா? நிலத்துக்கு அடியில் இருப்பது அரசாங்கத்துடையது என்று பழகிய ஆளுக்குச் சொல்வதுபோல் அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

#2 கேட்டி_அக்கா

தம்பி, நம்மூரிலும் எல்லாம் அரசாங்கத்துடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. மலபார் ஜென்மி நிலங்களில் கனிமம் நிலச் சொந்தக்காரருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. ஆனால் எண்ணெய், எரிவாயுவுக்கு லீஸ் (தோண்டும் குத்தகை) கொடுப்பது அங்கே அரசுதான். இங்கே அது தனியாரிடம் இருக்கிறது. மேல்நிலம் ஒருவருக்கு, கனிமம் இன்னொருவருக்கு என்று பிரித்து எழுதலாம், விற்கலாம், உயில் வைக்கலாம். பிரிந்துவிட்டால் கனிமத்துக்குத்தான் மேல்கை. எண்ணெய் எடுக்கத் தேவையான அளவுக்கு மேல்நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை அதோடு வருகிறது.

கனிமம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே ஐந்து உரிமை இருக்கிறது. ஆல்ட்மன் எதிர் பிளேக் வழக்கில் (1986) டெக்சஸ் உச்ச நீதிமன்றம் எண்ணிக் காட்டியது: உள்ளே போய்த் தோண்டும் உரிமை, லீஸ் கொடுக்கும் அதிகாரம், போனஸ் (லீஸ் எழுதும்போது கிடைக்கும் தொகை), தாமத வாடகை (தோண்டாமல் லீஸைத் தக்கவைக்கக் கட்டுவது), ராயல்டி (உற்பத்தியில் வரும் பங்கு). ஐந்தையும் தனித்தனியாக விற்கலாம். விற்பவர் கையில் ஐந்தும் இருக்கிறதா, வெறும் ராயல்டி மட்டுமா என்று பார்க்காமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுபவர்கள்தான் பின்னால் கோர்ட்டுக்கு வருகிறார்கள்.

வேலைப் பாதைக்கு வருவோம். முதல் சில வருடம் டைட்டில் ஒப்பீனியன் எழுதும் ஆபீஸில் உட்காருங்கள். கிணறு தோண்டுவதற்கு முன் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதுவது டிரில்லிங் ஒப்பீனியன். உற்பத்தி வந்தபின் பணம் பிரிக்க எழுதுவது டிவிஷன் ஆர்டர் ஒப்பீனியன். இரண்டாவது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும், ஏனென்றால் எட்டு தசம இடம் வரை எல்லாப் பங்கையும் கூட்டினால் சரியாக 1.00000000 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு பத்திரத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

பார் தேர்வைப் (வக்கீல் லைசன்ஸ் தேர்வு) பொறுத்தவரை, 2021 பிப்ரவரியிலிருந்து டெக்சஸ் பல மாநிலங்களுக்குப் பொதுவான தேர்வு முறைக்கு மாறிவிட்டது. வெளிநாட்டுச் சட்டப் பட்டத்துக்குத் தனி விதி இருக்கிறது. எல்.எல்.எம்.மில் எந்தப் பாடங்கள் எடுத்தால் தகுதி கிடைக்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே டெக்சஸ் தேர்வு வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரி அட்மிஷன் ஆபீஸ் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

#3 ரன்ஷீட்ராஜா

அக்கா சொன்னது வக்கீல் பாதை. லைசன்ஸ் வர்றதுக்குள்ள லேண்ட்மேன் (பத்திரப் பதிவு தேடி, லீஸ் பேசற ஆள்) வேலை செய்யலாம், டெக்சஸ்ல அதுக்கு லைசன்ஸ் வேண்டாம். ஆர்.எல்., ஆர்.பி.எல்., சி.பி.எல். பட்டமெல்லாம் லேண்ட்மேன் சங்கம் தர்றது. இருந்தா நல்லது, கட்டாயம் இல்லை. பட்டத்தை விட ரன்ஷீட் (ஒரு நிலத்தோட பத்திரங்களை வரிசையா எழுதற பட்டியல்) ஒழுங்கா போடத் தெரியணும்.

நம்மூர்ல வில்லங்கச் சான்று போட்டா முப்பது வருஷத்துக்கு லிஸ்ட் கையில வந்துடும். இங்க அப்படி ஒண்ணு கிடையாது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தவர் பேர், எழுதி வாங்கினவர் பேர்னு ரெண்டு இன்டெக்ஸ். அரசாங்கம் முதன்முதல்ல கொடுத்த மூலப்பத்திரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு சொந்தக்காரர் பேரையும், அவர் வாங்கின தேதியிலிருந்து விற்ற தேதி வரைக்கும், தேடணும். விற்ற தேதியோட நிறுத்திடாதீங்க. தேதி முன்னால போட்டு லேட்டா பதிவான பத்திரம், விற்றதுக்கப்புறம் வந்த திருத்தப் பத்திரம், கோர்ட் தீர்ப்பு எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பழைய கவுண்டியில பல வருஷம் கம்ப்யூட்டர்ல இருக்காது, பெரிய தோல் அட்டைப் புத்தகம்தான். கல்யாணம் ஆகிப் பேர் மாறின பெண்கள், ஒரே பேர்ல அப்பா மகன் ரெண்டு பேர், இதையெல்லாம் பேருக்குப் பேர் தேடணும்.

ரன்ஷீட்ல வரிசைக்கு இதெல்லாம் வேணும்: பத்திர வகை, எழுதின தேதி, பதிவான தேதி, புத்தகம்-பக்கம் இல்ல பத்திர எண், கொடுத்தவர், வாங்கினவர், நில விவரம் (சர்வே பேரும், அந்த சர்வேக்கு அரசு கொடுத்த அப்ஸ்ட்ராக்ட் எண்ணும்), கடைசிக் கட்டத்துல ஒதுக்கீடு (விற்றவர் தனக்குன்னு வச்சுக்கிட்டது) என்ன சொல்லுதுன்னு வார்த்தைக்கு வார்த்தை. சுருக்கி எழுதாதீங்க. கோடி ரூபா வித்தியாசம் அந்த ஒரு வரியிலதான்.

ரெண்டு உதாரணம். ஒருத்தர்கிட்ட நிலம் முழுசு, கனிமம் பாதிதான். மீதிப் பாதி முன்னாடியே வேற ஆள்கிட்ட போயிடுச்சு. அதைச் சொல்லாம முழு நிலத்தையும் வாரண்டி பத்திரத்துல (உரிமைக்கு உத்தரவாதம் தர்ற பத்திரம்) வித்து, "பாதிக் கனிமம் எனக்கு"ன்னு எழுதறார். அவருக்கு என்ன மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது. 1940ல வந்த டூஹிக் தீர்ப்பு. வாங்கினவருக்குப் பாதி தர்றேன்னு வாக்குக் கொடுத்தாச்சு, கையில இருக்கறதே பாதிதான், அது வாக்குக்குப் போயிடும். இன்னிக்கு அவர் பேரப்பிள்ளைங்க "எங்க தாத்தா பாதி வச்சுக்கிட்டார்"னு நல்ல மனசோட உங்ககிட்ட விக்க வருவாங்க. பத்திரத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியும்.

ரெண்டாவது, 1924 பத்திரம் ஒண்ணுல "எட்டில் ஒன்றில் பாதி" கனிமம்னு இருந்துச்சு. கணக்குப் போட்டா பதினாறுல ஒண்ணு. அந்தக் காலத்துல ராயல்டி எப்பவும் எட்டுல ஒண்ணுதான், அதனால "எட்டில் ஒன்று"ன்னாலே முழுக் கனிமத்தையும் குறிக்கும், ஆக இது முழுசுல பாதின்னு வான் டைக் வழக்குல 2023ல தீர்ப்பு வந்துச்சு. பதினாறுல ஒண்ணுன்னு நினைச்சு வித்தவங்க, வாங்கினவங்க ரெண்டு தரப்பும் மறுபடி ரன்ஷீட்டைப் புரட்ட வேண்டியதாச்சு.

#4 டிக்ளைன்_கர்வ்

விலை எப்படி வருகிறது என்று ஒரு கணக்கு போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் பற்றிய பேச்சு காற்றில் போகும். எண்கள் உதாரணத்துக்கு.

விற்பவரிடம் 20 நிகர கனிம ஏக்கர் (அவர் பங்குக்கு மட்டும் வரும் ஏக்கர்). லீஸ் ராயல்டி 1/4. யூனிட் (கிணற்றுக்காக ஒன்றுசேர்த்த நிலப்பரப்பு) 640 ஏக்கர். அவர் பங்கு: 20 ÷ 640 × 1/4 = 0.0078125. இதையே 1/8 அடிப்படைக்கு மாற்றி நிகர ராயல்டி ஏக்கர் என்பார்கள். 1/4 லீஸில் 20 ஏக்கர் 40 ஆகிவிடும். விலை பேசும்போது எந்த ஏக்கரைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். "ஏக்கருக்கு 10,000" என்று கடிதத்தில் ஒன்றையும் பத்திரத்தில் இன்னொன்றையும் வைத்துப் பாதிப் பணத்தோடு தப்பிப்பது பழைய வித்தை.

கிணறு நாளுக்கு 600 பேரல். மாதம் 18,000. பேரல் 70 டாலர் என்றால் 12.6 லட்சம் டாலர். அவர் பங்கு சுமார் 9,840. டெக்சஸ் எண்ணெய் உற்பத்தி வரி 4.6% போனால் சுமார் 9,390. (எரிவாயுவுக்கு 7.5%.)

"48 மாதப் பெருக்கல்" என்று பலர் பேசுவார்கள். 9,390 × 48 என்றால் சுமார் 4.5 லட்சம் டாலர். ஆனால் ஷேல் கிணறு முதல் வருடத்திலேயே பெரும்பகுதி விழுந்துவிடும். ஒரு வருடம் கழித்து 35% மிஞ்சியது என்று வையுங்கள். மாதம் 3,290, அதே 48ஆல் பெருக்கினால் 1.58 லட்சம். கிணறும் பங்கும் அதேதான், மூன்றில் ஒரு பங்கு விலை. ஆக மாதப் பெருக்கல் எந்தத் திசையிலும் ஏமாற்றும். கிணற்றுக்கு வயது ஐந்தாறு ஆகி வீழ்ச்சி நிதானமானபின்தான் அது ஓரளவு பொருந்தும்.

முதல் செக்கை வைத்து மதிப்புப் போடுவது இன்னொரு தவறு. முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாள் வரை ஆபரேட்டருக்கு (கிணற்றை நடத்தும் கம்பெனிக்கு) அவகாசம் இருக்கிறது. முதல் செக்கில் பல மாதப் பணம் சேர்ந்து வரும்.

இதெல்லாம் ஓடும் கிணற்றுக்கு. உண்மையான பணம் அதில் இல்லை. 640 ஏக்கரில் ஒரு கிணறு இருக்கிறது, இன்னும் ஆறேழு கிணறுக்கு இடம் இருக்கிறது, இரண்டுக்குப் பெர்மிட் வாங்கியாயிற்று, ஒன்று தோண்டி முடித்துத் திறக்காமல் நிற்கிறது. விற்பவருக்கு ஒரு செக் மட்டும்தான் கண்ணில் படுகிறது, வாங்குபவருக்கு எட்டுக் கிணறும். நியாயம், அநியாயம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

#5 ஓடெசா_பக்கத்தில்

எல்லாரும் வாங்கறவனையே குத்தம் சொல்றீங்க. நானும் கொஞ்சம் சொல்றேன்.

வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் நடுவுல நம்பிக்கைக் கடமைன்னு எதுவும் கிடையாது. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். நான் பணம் கட்டி லாக் டேட்டா (கிணற்றுக்குள்ள எடுத்த பாறை அளவீடு) வாங்கி, எஞ்சினியர் வச்சு, எந்தப் பாறை அடுக்கு ஓடும் எது ஓடாதுன்னு கண்டுபிடிச்சிருக்கேன். அதை ஏன் சும்மா கொடுக்கணும்? அந்த ஆறேழு கிணறு வரலைன்னா நஷ்டம் யாருக்கு? 2020 ஏப்ரல் 20 அன்னிக்கு டபிள்யூ.டி.ஐ. (அமெரிக்க எண்ணெய் விலை) பேரல் மைனஸ் 37.63 டாலர் போச்சு. அந்த வருஷம் பெர்மிட் எத்தனை காலாவதி ஆச்சுன்னு போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி வித்தவங்க நல்லா சாப்பிட்டாங்க, வாங்கினவங்க கைய பிசைஞ்சாங்க. விக்கறவர் திரும்பி வந்து பாதிப் பணத்தைக் கொடுத்தாரா?

#6 கேட்டி_அக்கா

ஓடெசா சார், நீங்கள் சொல்வதில் பாதி சரி. உங்கள் எஞ்சினியர் கணக்கைக் கொடுக்க வேண்டாம். ஆனால் பொதுவில் கிடப்பது வேறு. ரயில்ரோடு கமிஷன் தளத்தில் (பேர்தான் ரயில், பார்ப்பது எண்ணெய்) வரைபடம் இலவசம். பெர்மிட் விண்ணப்பம் டபிள்யூ-1, எண்ணெய்க் கிணறு முடித்த அறிக்கை டபிள்யூ-2, எரிவாயுவுக்கு ஜி-1, எல்லாம் அங்கே இருக்கிறது. எழுபது வயதுப் பாட்டிக்கு அதைத் தேடத் தெரியாது. உங்கள் கடிதத்தில் "உங்கள் யூனிட்டில் இன்ன தேதியில் இரண்டு பெர்மிட் பதிவாகியிருக்கிறது, இன்ன இடத்தில் பார்க்கலாம்" என்று இரண்டு வரி போடுவதால் உங்கள் ரகசியம் எதுவும் போகாது. அந்த இரண்டு வரி இல்லாமல் மலிவாகக் கிடைத்தால், லாபம் உங்கள் ஆய்வில் வந்ததல்ல, அவர் அறியாமையில் வந்தது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதும் முக்கியம், ஏனென்றால் பலர் இதிலேயே தவறுகிறார்கள். டெக்சஸ் சொத்துச் சட்டம் 5.151: தபாலில் விலைக் கடிதத்தோடு கனிமப் பத்திரத்தையும் டிராஃப்டையும் (பின்னால் பணம் தருவதாகச் சொல்லும், செக் மாதிரியான தாள்) சேர்த்து அனுப்பினால், "இதில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் உங்கள் கனிம அல்லது ராயல்டி உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ விற்கிறீர்கள்" என்று 14 புள்ளி எழுத்துக்குக் குறையாமல், கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். செய்யாவிட்டால் விற்றவர் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து வழக்குப் போடலாம். கொடுத்த விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் வரை, அதற்கு மேல் வக்கீல் செலவும் கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். லீஸ் மாதிரித் தோற்றம் கொடுத்து ராயல்டியையே எழுதி வாங்கும் பத்திரங்களுக்கு 2019இல் தனியாக ஒரு விதி வந்தது. இது லீஸ் அல்ல என்று பத்திரத்திலேயே பெரிதாக எழுத வேண்டும்.

இனி வக்கீலுக்கு மட்டும் உள்ள கட்டு. தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள்.

டைட்டில் ஒப்பீனியன் எழுதும்போது எந்த ஏரியாவில் கட்சிக்காரர் தோண்டப் போகிறார் என்று தெரிந்துவிடும். அந்தத் தகவலை வைத்துப் பக்கத்து ஏக்கரை உங்கள் பேரிலோ மச்சான் பேரிலோ வாங்கக்கூடாது. டெக்சஸ் வக்கீல் நடத்தை விதிகளில் ரகசியக் காப்பு விதி 1.05 மீறல். லைசன்ஸ் போகலாம். ஆபீஸை விட்டு வந்தபிறகும் அந்தக் கட்டு நிற்கிறது. அதனால் சொந்தமாக வாங்கத் தொடங்கும்போது நீங்கள் ஒப்பீனியன் எழுதாத கவுண்டியில் தொடங்குங்கள்.

கட்சிக்காரரிடமே வாங்குவதற்கு விதி 1.08. விலையும் நிபந்தனையும் நியாயமாக இருக்க வேண்டும், அவருக்குப் புரியும்படி முழுதாகச் சொல்ல வேண்டும், வேறு வக்கீலைப் பார்க்க அவகாசம் தர வேண்டும், எழுத்தில் சம்மதம் வேண்டும். என் கருத்து: செய்யவே வேண்டாம்.

கட்சிக்காரர் அல்லாத, வக்கீல் வைக்காத ஆளிடம் பேசும்போது விதி 4.03. நடுநிலையான ஆள் மாதிரிக் காட்டிக்கொள்ளக்கூடாது. நடைமுறையில் இதுதான் அதிகம் மீறப்படுவது. "நான் வக்கீல், பத்திரமெல்லாம் நானே பார்த்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்" என்று ஒரு வாக்கியம் போதும், மாட்டிக்கொள்ள. லெட்டர்ஹெட்டில் சட்ட ஆபீஸ் பேரைப் போட்டு விலைக் கடிதம் அனுப்பாதீர்கள். வாங்கும் கம்பெனி தனி, கடிதத்தாள் தனி. முதல் பத்தியிலேயே இந்த மாதிரி எழுதுங்கள்:

"நான் இந்த உரிமையை வாங்க விரும்புபவன். எனக்குச் சட்ட லைசன்ஸ் இருந்தாலும் இந்த விற்பனையில் உங்கள் வக்கீல் அல்ல. குறைந்த விலைக்குக் கிடைத்தால் எனக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். கையெழுத்திடும் முன் உங்களுக்கென ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இந்த விலை இன்ன தேதி வரை மாறாது."

தேதிக்கு மூன்று வாரமாவது கொடுங்கள். "48 மணி நேரத்தில் முடிக்காவிட்டால் விலை இறங்கும்" என்ற வரி வந்தாலே அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடச் சொல்வேன்.

#7 வரிக்கணக்கு

விற்பவர் கையில் நிற்பது வரிக்குப் பிந்தைய தொகைதான், அதனால் இது விலைப் பேச்சிலேயே வர வேண்டும்.

ராயல்டி வருமானம் சாதாரண வருமானம். ஆனால் 15% டிப்ளீஷன் கழிவு (எடுக்க எடுக்கக் கனிமம் குறைவதற்கான வரிக் கழிவு) உண்டு. லீஸ் போனஸும் சாதாரண வருமானம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த உரிமையை மொத்தமாக விற்றால் நீண்டகால மூலதன லாபம், கூட்டரசு வரி 0, 15 அல்லது 20%.

அப்பா அம்மா இறந்து வாரிசாக வந்தது என்றால் அடிப்படை விலை (லாபத்தைக் கணக்கிட விற்ற தொகையில் கழிக்கும் விலை) இறந்த அன்றைய சந்தை மதிப்பு. இதற்கு அந்தத் தேதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பெரும்பாலானோரிடம் இருக்காது, அடிப்படை பூஜ்யம் என்று நினைத்துக் கூடுதல் வரி கட்டுவார்கள். பழைய தேதிக்கும் மதிப்பீடு செய்யலாம். வாங்குபவர் இதைச் சொல்லிக்கொடுப்பதால் அவருக்குச் செலவு எதுவும் இல்லை.

கனிம உரிமை 1031 மாற்றுக்குத் (வரிச் சட்டப் பிரிவு 1031இன்படி சொத்துக்குச் சொத்து மாற்றுவது) தகுதியானது. விற்ற பணத்தில் வீட்டுமனையோ கட்டடமோ வாங்கி வரியைத் தள்ளிப்போடலாம். 45 நாளில் மாற்றுச் சொத்தை அடையாளம் காட்ட வேண்டும், 180 நாளில் முடிக்க வேண்டும், பணம் விற்பவர் கையைத் தொடவே கூடாது. கிரயத்துக்கு முன்பே இடைத்தரகர் ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும். செக் வாங்கியபின் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

#8 ரன்ஷீட்ராஜா

அந்தக் கடிதம் எல்லாம் யாருக்குப் போகுதுன்னு ஒரு தகவல். உற்பத்தி வர்ற கனிமத்துக்கு டெக்சஸ்ல சொத்து வரி உண்டு. அதனால கவுண்டி மதிப்பீட்டு ஆபீஸ் லிஸ்ட்ல பேர், விலாசம், தசமப் பங்கு எல்லாம் இருக்கும். மதிப்பு 500 டாலருக்குக் கீழன்னா வரி கிடையாது. கடிதம் போடறவங்க இந்த லிஸ்டை வச்சுத்தான் போடறாங்க. லிஸ்ட்ல இருக்கற தசமத்தை நம்பி விலை போடாதீங்க, அது ஓடற கிணற்றுக்கு மட்டும். ஓடாத ஏக்கர் அதுல வராது.

அடுத்தது டிராஃப்ட். நிறைய கெட்ட பேர் இங்கதான். கடிதத்தோட "30 வங்கி நாள், டைட்டில் சரியா இருந்தால்"னு ஒரு டிராஃப்ட் வரும். பார்க்க செக் மாதிரியே இருக்கும். விக்கறவர் பத்திரத்துல கையெழுத்துப் போட்டு, நோட்டரி வச்சு, அனுப்பிடுவார். வாங்கறவர் அந்த முப்பது நாள்ல என்ன பண்றார்? டைட்டில் பார்க்கறாருன்னு நினைச்சா தப்பு. அதை அதிக விலைக்குத் தள்ளிவிட வேற ஆள் தேடறார். கிடைச்சா டிராஃப்டுக்குப் பணம் வரும், கிடைக்கலைன்னா திரும்பிடும். இதுக்குள்ள பத்திரம் பதிவாகியிருந்தா விக்கறவர் பாடு திண்டாட்டம். பணமும் இல்ல, பதிவுல பேரும் இல்ல. திரும்ப எழுதி வாங்க வக்கீல் வைக்கணும்.

ஒழுங்கா செய்யற முறை: முதல்ல ரெண்டு பக்க ஒப்பந்தம், பத்திரம் கிடையாது. டைட்டில் பார்க்க 20, 30 நாள். என்ன குறை கண்டோம், பங்கு எவ்வளவு வந்துச்சுன்னு எழுத்துல கொடுக்கணும். விலை குறையுதுன்னா ஏன்னு ரன்ஷீட் வரியோட காட்டணும். விக்கறவர் வேண்டாம்னா நடையைக் கட்டலாம். ஒத்துக்கிட்டா கையெழுத்தான பத்திரம் எஸ்க்ரோவுக்கு (நடுவுல வச்சிருக்கற மூணாவது ஆள்), பணமும் எஸ்க்ரோவுக்கு. ஒரே நாள்ல ரெண்டும் கை மாறணும். பதிவுச் செலவு வாங்கறவரோடது. பக்கக் கணக்குல கட்டணம் வாங்குவாங்க. பணம் வந்த அன்னிக்கே பதிவு பண்ணிடுங்க. நீங்க பதியறதுக்குள்ள வேற ஆள் விஷயம் தெரியாம, நல்ல நம்பிக்கையில பணம் கொடுத்து வாங்கிட்டா அவருக்குத்தான் போகும்.

#9 மதுரை_எல்எல்பி

நன்றி அக்கா, நன்றி அண்ணா. மாதிரிப் பத்திரங்களில் குறிப்பிட்ட நிலத்தை எழுதிவிட்டு, "மேலும் இந்தக் கவுண்டியில் விற்பவருக்கு உள்ள எல்லா உரிமையும்" என்று ஒரு வரி வருகிறது. இது விடுபட்டதைச் சேர்க்கவா, சுருட்டவா?

வாரிசுகள் பல மாநிலத்தில் சிதறிக் கிடக்கும் உரிமையை வாங்கலாமா என்பதும் கேள்வி. அதில்தான் வக்கீலுக்கு வேலை இருக்கும்போலத் தெரிகிறது.

#10 கேட்டி_அக்கா

இரண்டுக்கும் உண்டு. சர்வே எல்லையில் விட்டுப்போன துண்டு நிலத்தைச் சேர்க்க அந்த வரி பழைய நாளிலிருந்து வருகிறது. அதையே அகலமாக எழுதினால் விற்பவருக்கே தெரியாத இன்னொரு நிலத்தின் கனிமமும் போய்விடும். நியாயமாக எழுதுவதென்றால் "மேற்கண்ட நிலத்தை ஒட்டிய, விற்பவருக்குச் சொந்தமான துண்டுகள் மட்டும்" என்று கட்டுங்கள். முழுக் கவுண்டியும் வேண்டுமென்றால் அதைத் தேடிப் பார்த்து, தனி விலை போட்டு, தனிப் பத்தியில் எழுதுங்கள். அதிகமாக எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று விற்றவர் பிறகு கண்டுபிடித்தால் நேரம் அவர் பக்கம் இல்லை. பத்திரத்தில் தெளிவாக இருப்பது கையெழுத்துப் போட்ட அன்றே அவருக்குத் தெரிந்ததாகக் கணக்கு, நான்கு வருடக் கெடு அன்றிலிருந்தே ஓடும் என்று காஸ்க்ரோவ் எதிர் கேட் வழக்கில் 2015இல் சொல்லியாயிற்று.

வாரிசு விஷயத்தில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. நியாயமாக வாங்கிப் பிழைக்க முடியுமா? டைட்டிலைச் சரிசெய்து பிழைக்கலாம். பாட்டி பேரில் கனிமம், அவர் இறந்து இருபது வருடம், உயில் ஒக்லஹோமாவில் நிரூபிக்கப்பட்டது, டெக்சஸில் எதுவும் பதிவாகவில்லை. ஆபரேட்டர் பணத்தை சஸ்பென்ஸில் (உரிமை தெளிவாகும்வரை யாருக்கும் தராமல் நிறுத்திவைப்பது) போட்டுவிட்டார். பெரிய கம்பெனிகள் ஐந்து ஏக்கருக்காக இதில் மெனக்கெட மாட்டார்கள். நீங்கள் செய்யலாம்.

அங்கே நிரூபித்த உயிலின் சான்றிட்ட நகலையும் உத்தரவையும் வாங்கி இந்தக் கவுண்டியில் பதிய வேண்டும். பல சமயம் அதுவே போதும். எங்குமே நிரூபிக்காத உயில் என்றால் டெக்சஸில் பொதுவாக நான்கு வருடக் கெடு இருக்கிறது, தாண்டினால் மனு போட்டவரின் அசட்டை இல்லை என்று காட்ட வேண்டும். உயிலே இல்லை என்றால் வாரிசு அஃபிடவிட். குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, சொத்தில் பங்கு இல்லாத இரண்டு பேர் சத்தியம் செய்வது வழக்கம். எல்லாத் திருமணமும், எல்லாக் குழந்தையும், தத்து வந்தவர்களும், முந்தைய திருமணத்துப் பிள்ளைகளும் எழுதியாக வேண்டும். முதல் மனைவியின் மகனை விட்டுவிட்டு எழுதிய அஃபிடவிட் எத்தனை பார்த்தாலும் அலுக்காது! பதிவாகி ஐந்து வருடம் ஆனால்தான் அது கோர்ட்டில் முதல்நிலைச் சாட்சியமாக நிற்கும். அதுவரை ரிஸ்க் உங்களுடையது, அதற்கு விலையில் கழிவு கேட்பது நியாயம்தான்.

ஆனால் கழிவைத் திறந்து சொல்லுங்கள். "சுத்தமான டைட்டிலாக இருந்தால் இவ்வளவு தருவேன். சரிசெய்ய இவ்வளவு செலவு, இவ்வளவு மாதம், அதனால் இவ்வளவு. நீங்களே ஒரு வக்கீலை வைத்துச் சரிசெய்துவிட்டு முதல் விலைக்கு விற்கலாம், சஸ்பென்ஸில் உள்ள பணமும் உங்களுக்கே வரும்." சஸ்பென்ஸ் பணத்தைப் பற்றி வாயே திறக்காமல், பத்திரத்தில் "சேர்ந்திருக்கும் எல்லாத் தொகையும் உட்பட" என்று ஒரு வரி போட்டு அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். சில சமயம் அந்தத் தொகையே கொடுத்த விலையை விட அதிகம்.

விற்பவருக்கு வயதாகி, மகன் பவர் பத்திரத்தோடு வந்தால்: பவர் கனிம விற்பனையை உள்ளடக்கியதா, எழுதிய அம்மா உயிரோடு இருக்கிறாரா, பவர் பதிவாகியிருக்கிறதா, பணம் யார் அக்கவுண்டுக்குப் போகிறது. கடைசிக் கேள்விக்கு மகன் பேர் வந்தால் நிறுத்துங்கள்.

#11 ஓடெசா_பக்கத்தில்

அக்கா, பெர்மிட் வரியைக் கடிதத்துல போடறதுக்கு நான் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். நான் போட்டா விலை ஏறும், பக்கத்துல போடாதவன் கடிதமும் அதே வாரம் போகும். விக்கறவர் ரெண்டையும் பார்த்துட்டு என்கிட்ட தகவலை எடுத்துக்கிட்டு அவன்கிட்ட பேரம் பேசுவார்.

மேற்கு டெக்சஸ்ல வாங்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1895லிருந்து 1931 வரைக்கும் மாநில அரசு "கனிம நிலம்"னு வகைப்படுத்தி வித்த நிலத்துல கனிமம் அரசோடதுதான். மேல்நிலக்காரர் அரசு சார்பா லீஸ் கொடுத்து ஒரு பங்கு வாங்கிக்குவார். அந்தப் பங்கை நிலத்துல இருந்து தனியாப் பிரிச்சு விக்க முடியாது. செக் வருது, அதனால கனிமம் இருக்குன்னு நினைச்சு விக்க வருவாங்க. ஜெனரல் லேண்ட் ஆபீஸ் (மாநில நிலத்தைப் பார்க்கற அலுவலகம்) ஃபைலைப் பார்க்காம ரீவ்ஸ், பேகோஸ் பக்கம் பைசா போடாதீங்க.

#12 டிக்ளைன்_கர்வ்

அவர் உங்கள் தகவலை வைத்துப் பேரம் பேசட்டுமே. அதில் விலை எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் சந்தை விலை.

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. ஒரே தசமப் பங்கு உள்ள இரண்டு பேருக்கு செக் வேறு வேறாக வரும். லீஸில் ராயல்டி "கிணற்றடி விலையில்" என்றிருந்தால் குழாய், அழுத்தம் ஏற்றுதல், சுத்திகரிப்புச் செலவில் பங்கு கழியும். "மொத்த விற்பனைத் தொகையில்" என்றிருந்தால் பெரும்பாலும் கழியாது. எண்ணெய்க்கு வித்தியாசம் சிறிது. எரிவாயுவுக்கு, அதுவும் விலை குறைந்த மாதத்தில், செக்கே காணாமல் போகும். எனவே லீஸ் நகலைப் படிக்காமல், குறைந்தது ஆறு மாத செக் விவரத் தாளைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

மற்றது தனி ராயல்டி, அதாவது லீஸ் அதிகாரம் இல்லாதது. "1/16 ராயல்டி" என்றால் லீஸ் எதுவானாலும் 1/16தான். "ராயல்டியில் பாதி" என்றால் லீஸோடு மிதக்கும், 1/4 லீஸில் 1/8. ஒரே தலைமுறையில் எழுதிய இரண்டு பத்திரம், ஒன்று மற்றதில் இரண்டு மடங்கு.

#13 ரன்ஷீட்ராஜா

டெக்சஸைத் தாண்டிப் போறவங்களுக்கு: லூசியானாவுல கனிமத்தைப் பயன்படுத்தாம பத்து வருஷம் விட்டா மேல்நிலக்காரருக்கே திரும்பிடும். வாங்கறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ தோண்டினாங்கன்னு பாருங்க. நார்த் டகோட்டா, ஒஹாயோவுல 20 வருஷக் கணக்கு ஒண்ணு இருக்கு, அங்க உரிமை கோரி ஒரு பத்திரம் பதிஞ்சாலே காப்பாத்திக்கலாம். டெக்சஸ்ல இப்படிச் சும்மா இருந்ததுக்காகப் போகாது.

#14 மதுரை_எல்எல்பி

கடைசியாக ஒன்று. பத்திரத்தில் அமலுக்கு வரும் தேதி போடுவதில் தகராறு வருகிறது என்கிறார்கள். கையெழுத்திட்ட தேதியே போதாதா?

#15 கேட்டி_அக்கா

போதாது தம்பி. ஜனவரியில் எடுத்த எண்ணெய்க்குப் பணம் மார்ச் வாக்கில் வரும், எரிவாயுவுக்கு அதற்கும் பிறகு. மார்ச் 1 என்று மட்டும் எழுதினால், மார்ச்சில் வந்த ஜனவரிப் பணம் யாருக்கு? "மார்ச் 1 காலை 7 மணி முதல் உற்பத்தியானதற்கு உரிய தொகை வாங்குபவருக்கு, அதற்கு முன் உற்பத்தியானது எப்போது பணமாக வந்தாலும் விற்பவருக்கு" என்று எழுதுங்கள். சில கடிதங்களில் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி போட்டிருக்கும். புதுக் கிணறு ஓடத் தொடங்கி முதல் செக் வராத நேரத்தில் அது வந்தால், விற்பவரின் சொந்தப் பணத்திலேயே அவருக்கு விலை கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

பதிவு முடிந்ததும் பதிவு எண்ணோடு பத்திர நகல், உங்கள் டபிள்யூ-9 படிவம் (வரி எண்ணைத் தெரிவிப்பது), கிணற்றுப் பேர் பட்டியல் மூன்றையும் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ரசீதுடன். மாற்ற இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதற்குள் விற்றவர் பேரிலேயே ஒரு செக் போகும், அதை யார் யாருக்குத் திருப்புவது, எத்தனை நாளில், என்பதையும் அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.